மாமாவின் போனில் பொய்யே இல்லை

2023 மார்ச்சில் தமிழ்நாடு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றது. பீகார் தொழிலாளிகளை இங்கே தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்த வாரம் அது. டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து பதில் சொன்னார். ஒன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த அடிதடி, இரண்டிலுமே தமிழர்கள் வடமாநிலத்தவரைத் தாக்கவில்லை என்றார். பாட்னாவிலிருந்து அதிகாரிகள் குழு வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு தொழிலாளர்கள் நிற்கும் ஒரு வீடியோ பாட்னாவிலேயே நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே சொன்னது. யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். நம் பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வடக்கே வாட்ஸாப்பைப் பார்த்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், பாவம், என்று.

அந்தச் சிரிப்பில் என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. பொய்யைப் பிடித்தோம், சரி. ஆனால் அதே நாட்களில் என் மாமாவின் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களில் பொய் என்று பிடிக்க எதுவுமே இல்லை. அது என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பவர் டேபிள் வைத்திருக்கிறார். பெரிய பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து இருபது சொச்சம் மெஷின். ஒருகாலத்தில் அதில் உட்கார்ந்திருந்தவர்கள் மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா. 2020 ஊரடங்கில் ரயில் நின்று, ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட தன் ஆட்களுக்கு மாமா கடன் வாங்கிச் சாப்பாடு போட்டார். “இந்தப் பசங்களுக்குச் சோறு எறங்காது கண்ணு, ரொட்டி வேணும்” என்று கோதுமை மாவு தேடிப் பல்லடம் வரைக்கும் பைக்கில் அலைந்தார். சிறப்பு ரயில் விட்டபோது ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். போனவர்களில் பாதிக்கு மேல் அவரிடமே திரும்பி வந்தார்கள். திருப்பூரில் ஒரு முதலாளிக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

இதே மாமா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பது, கொங்கு மண்டலம் வடக்கன் கைக்குப் போய்விட்டது, இன்னும் பத்து வருடத்தில் நாம் அகதி என்கிற ரகத்து வீடியோக்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அத்தை பக்கத்து அறையிலிருந்து “சத்தத்தைக் கொறைங்க” என்பார். மாமா குறைப்பார். நிறுத்த மாட்டார்.

நூல் விலையில் தொடங்கியது

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்தவரை நூல் விலையில்தான். அதற்கு முன்பு மாமாவின் போனில் பழைய பாட்டும் பட்டிமன்றமும் தவிர ஒன்றும் இருக்காது. 2021 கடைசியிலிருந்து நூல் விலை ஏற ஏறத் திருப்பூர் திணறியது. 2022 மே மாதம் ஒரேயடியாகக் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினார்கள். ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. விலை என்ன ஆகும், எப்போது இறங்கும் என்று தெரிந்துகொள்ள மாமா உள்ளூர்ச் செய்தி வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். ஆர்டர் குறைகிறது, சின்ன யூனிட்டுகள் மூடுகின்றன, வேலை பங்களாதேஷுக்குப் போகிறது என்று எல்லாம் நியாயமான செய்திகள். அதைப் பார்த்து முடித்தவருக்கு, திருப்பூரில் இனி யாருக்கு வேலை என்று ஒரு வீடியோ. அடுத்து, ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்க் கடைவீதி காதர்பேட்டையில் யார் கூட்டம் பாருங்கள் என்று ஒன்று. அப்புறம் நேரடியாகவே. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து அரை அடிதான் தள்ளி இருந்தது. எந்த இடத்திலும் மாமா எதையும் தேடிப் போகவில்லை.

நூல் விலைக்கு முகம் கிடையாது. பஞ்சைப் பதுக்கியவர் யார், ஏற்றுமதிக்கு அனுமதித்தவர் யார், மில்லா, மத்திய அரசா, யாரைப் பிடித்துத் திட்டுவது? வடமாநிலத்தவனுக்கு முகம் உண்டு. அது தினமும் பஸ் ஸ்டாப்பில் எதிரே நிற்கிறது. மாமாவின் பயம் நிஜமானது, அதற்கான காரணங்களும் நிஜமானவை. போன் செய்ததெல்லாம் அந்தப் பயத்துக்கு ஆள் காட்டியதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வடமாநிலத்தவரைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் பேச்செல்லாம் வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. 2019 மே மாதம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை முன்னால், இங்குள்ள வேலைகள் வெளிமாநிலத்தவருக்கே போகின்றன என்று போராட்டம் நடந்தது. அது கேட்க வேண்டிய கேள்வி. தேர்வு நடத்துகிறவர்களைப் பார்த்து, டெல்லியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுத்திருக்கும் டெய்லரிடம் கேட்பதற்கு அதில் எதுவுமில்லை. ஆனால் போனில் இந்த இரண்டும் அடுத்தடுத்து ஓடும். ரயில்வே வேலையைப் பற்றிய கோபத்தை அப்படியே எடுத்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவன் தலையில் இறக்கி வைக்க, நடுவில் ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை போதும்.

2023 ஜனவரியில் திருப்பூர் வீடியோ வந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர் இளைஞர்கள் சிலரைத் துரத்துகிறார்கள், கையில் பெல்ட். நடந்தது நிஜம்தான். டீக்கடைப் பக்கம் தொடங்கிய சில்லறைத் தகராறு, போலீஸ் வழக்குப் போட்டுக் கைதும் செய்தது. நடந்த இடம் மாமாவின் யூனிட்டிலிருந்து பைக்கில் போனால் கொஞ்ச நேரம். அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த செக்கிங் காண்ட்ராக்டர் இருக்கிறார், ஒரு போன் போட்டால் என்ன நடந்தது என்று கதை கதையாகச் சொல்வார். மாமா போன் போடவில்லை. போனில் பார்த்தார். ஒரே அரை நிமிடக் காட்சியை வேறு வேறு தலைப்பில், வேறு வேறு பின்னணி இசையில், வேறு வேறு ஆட்கள் ஆவேசமாக விளக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தெருவில் ஒரு மாலையில் நடந்தது அவர் கண்ணுக்குள் மாதம் முழுக்க நடந்தது.

பிப்ரவரியில் இன்னொரு வீடியோ. ஓடும் ரயிலில் ஒரு தமிழர், வடமாநிலத் தொழிலாளியைக் கெட்ட வார்த்தை சொல்லி அடிக்கிறார். அதுவும் நிஜம், ரயில்வே போலீஸ் ஆளைத் தேடிப் பிடித்தது. மாமாவின் போனுக்கு அது வரவே இல்லை. நானாகக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “எவனோ குடிகாரப் பய” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஜனவரி வீடியோவில் பெல்ட்டோடு ஓடியவர்களில் ஒருவரைக்கூட மாமா ‘எவனோ’ என்று சொல்லவில்லை. அங்கே ஓடியது வடக்கே இருக்கும் நாலைந்து மாநிலம் மொத்தமும். இங்கே அடித்தது ஒரு குடிகாரன்.

“நீங்க இல்லண்ணா”

மார்ச் முதல் சனிக்கிழமை நான் யூனிட்டில் இருந்தேன். சனிக்கிழமை என்றால் சம்பள நாள். செக்கிங் டேபிளில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மாமா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பீகாரில் சமஸ்திபூர் பக்கத்து ஓவர்லாக் டெய்லர் ஒருவர் வந்து நின்றார். வருடக்கணக்காக மாமாவிடம் இருப்பவர். தமிழ் நன்றாகவே பேசுவார், ‘ஏனுங்க’ கூடச் சொல்வார். ஹோலி வரும் வாரத்தில் நாலு பேர் ஊருக்குப் போவது வழக்கம்தான். இவர் கணக்கையே முடித்துக் கொடுக்கச் சொன்னார். மாமாவுக்குப் புரியவில்லை. எதுக்குடா என்றார். அவர் பேசாமல் போனை நீட்டினார்.

ஒரே கூச்சல், ரத்தம், மேலே கொட்டை எழுத்தில் இந்தி. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். “டேய், இது எங்க நடந்துச்சோ. இதுல பேசறது தமிழாடா? கடை போர்டைப் பாரு, அது நம்ம எழுத்தா? எவனோ எங்கயோ வெட்டிக்கிட்டதைக் கொண்டாந்து நம்ம ஊருன்னு போட்டிருக்கான்.” சின்னத் திரையில் அந்தப் போர்டைப் பெரிதாக்கிக் காட்டினார். ஓர் உண்மை கண்டறியும் குழு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையை, நூல் கண்டுகளுக்கு நடுவில் நின்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். அப்படியே நடந்திருந்தாலும், ஒருத்தன் செய்ததற்கு மொத்த ஊரும் கொலைகாரனா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில், “என்னையப் பாரு. நான் வெட்டுவனா?” என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நீங்க இல்லண்ணா. வேற ஆளுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் மாமாவின் வீடியோக்களைப் பற்றி நான் எப்போது வாதம் செய்தாலும், உங்களிடம் வேலை செய்பவர்களும் அவர்கள்தானே என்று எப்போது கேட்டாலும், அவர் சொல்லும் பதிலும் இதேதான். “நம்ம பசங்க இல்ல கண்ணு. மத்தவனுங்க.” ஒரே கூரைக்குக் கீழே வருடக்கணக்காக ஒன்றாக இருக்கும் இரண்டு பேர். இவருக்கு அவர் விதிவிலக்கு, அவருக்கு இவர் விதிவிலக்கு. விதி மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. பழகிப் பார்த்தால் வெறுப்பு போய்விடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். பழக்கம் ஓர் ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. பட்டியலைக் கிழிப்பதில்லை. அந்த ‘வேற ஆளுங்க’ யாரையும் இவர்கள் இரண்டு பேருமே நேரில் பார்த்ததில்லை. இருவரின் போன்களும் அவர்களைத்தான் தினமும் காட்டிக்கொண்டிருந்தன.

ஊரில் அம்மா சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அவர் தன்பாத் எக்ஸ்பிரஸைப் பிடிக்கக் கிளம்பினார். திருப்பூர் போலீஸ் இந்தி பேசும் ஆட்களோடு உதவி எண் திறந்திருந்தது, கலெக்டர் ஆபீஸிலிருந்து கம்பெனி கம்பெனியாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீடியோவை அவர் கிட்டத்தட்ட நம்பாமலே போனார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்பாமலே போக வைத்ததும் அதுதான். அன்று ராத்திரி மாமா, “எப்படித்தான் இதையெல்லாம் நம்பறானுங்களோ” என்று அலுத்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தார்.

கோபத்துக்கு ஐந்து மடங்கு

யாருக்கு அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இந்த எந்திரம், அல்காரிதம் என்கிறார்களே அது, எப்படி ஓடுகிறது என்பது இப்போது ரகசியமில்லை. யூடியூப் 2012-லேயே, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கைவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறிவிட்டது. மக்கள் யூடியூபில் செலவழிக்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதன் பரிந்துரைகளால் வருவது என்று 2018 தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் நீல் மோகன் மேடையிலேயே சொன்னார். ஃபேஸ்புக்கில், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று போடும் கணக்கில், 2017-லிருந்து ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால் கோபமுகத்துக்கு ஐந்து. இதய முகத்துக்கும் சிரிப்பு முகத்துக்கும்கூட ஐந்துதான். ஆனால் கோபமுகம் நிறைய விழும் பதிவுகளில்தான் பொய்யும் நச்சும் அளவுக்கு மீறி இருக்கின்றன என்று அங்கே வேலை செய்தவர்களே 2019-ல் கண்டுபிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்து 2020 செப்டம்பரில் ஒருவழியாக அதைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்யும் கோரக் காட்சிகளும் குறைந்தன. ஆட்கள் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவது குறையவே இல்லை. வியாபாரத்துக்குக்கூடத் தேவைப்படாத ஒன்றை அத்தனை நாள் ஏன் வைத்திருந்தார்கள் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது இந்தியாவைப் பற்றியது. 2019 பிப்ரவரியில் அதன் ஆய்வாளர் ஒருவர் இங்கே ஒரு சோதனைக் கணக்கு தொடங்கினார். தானாக எதையும் தேடுவதில்லை, பரிந்துரைப்பதை மட்டும் பின்தொடர்வது என்பது ஏற்பாடு. நடுவில் புல்வாமா தாக்குதல் நடந்தது. அந்தக் கணக்கு முழுக்கப் பாகிஸ்தான் வெறுப்பும் பிணப் படங்களுமாக நிரம்பியது. என் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைவிட அதிகமான பிணங்களின் படங்களை இந்த மூன்று வாரத்தில் பார்த்துவிட்டேன் என்று அவர் எழுதி வைத்தார். அந்தக் கணக்குக்குப் பின்னால் கோபப்பட ஓர் ஆள்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இருந்தாலும் எந்திரத்தின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிட என்னால் முடியவில்லை. 2023-ல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 2020-ல் யூடியூப் பார்ப்பவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு பின்தொடர்ந்த ஆய்வு. தீவிர சேனல்களைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் பெண்கள்மீதும் கறுப்பினத்தவர்மீதும் ஏற்கெனவே கசப்பு வைத்திருந்தவர்கள். பெரும்பாலும் அந்தச் சேனல்களுக்குச் சந்தா வைத்திருந்தவர்கள், அல்லது வெளியிலிருந்து யாரோ அனுப்பிய லிங்க்கைப் பிடித்து வந்தவர்கள். ஒன்றும் அறியாதவரைப் பரிந்துரை கையைப் பிடித்து இழுத்துப்போவது அபூர்வம். 2019-ல் யூடியூப் தன் பரிந்துரைகளை மாற்றிய பிறகு எடுத்த கணக்கு அது, நம் ஊர்க் கணக்கும் அல்ல. ஆனாலும் படித்தபோது மாமா நினைவுக்கு வந்தார். வடக்கே இருப்பவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஏளனம் உண்டு. துப்புவான், குளிக்க மாட்டான், கணக்குத் தெரியாது. அதையெல்லாம் எந்த வீடியோவும் சொல்லித்தரவில்லை.

அல்காரிதமே இல்லாமலும் வெறுப்பு கொல்லும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம், வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸாப்பில் வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அவர் சென்னைக்காரர், தமிழச்சி. வடக்கத்தியான் மீதிருந்த பயத்துக்கு அன்று கிடைத்தது அவர். அந்த வாட்ஸாப்பில் யாரும் யாருக்கும் எதையும் பரிந்துரைக்கவில்லை, மாமன் மச்சான் அனுப்பியதுதான். வீடியோ நிஜமாகவே இருந்தாலும் அடிதடி நடக்கும். அதே வருடம் பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சிங்களவர் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கும்பல் கூடியது. காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது, தமிழ் பேசுபவர். மிரட்டிக் கேட்டபோது தலையாட்டியதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டி என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்குள் பள்ளிவாசல் அடித்து நொறுக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகனயில் கலவரம், நாடு முழுக்க நெருக்கடி நிலை. தன் தளம் அதற்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020-ல் வருத்தம் தெரிவித்தது. மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கு இருக்கும் ஒரு சமூகத்துக்கு, தாங்கள் அழிந்துபோய்விடுவோம் என்ற பயத்தை ஊட்ட முடிந்திருக்கிறது. அந்த வீடியோவும் போலி இல்லை. அவர் தலையாட்டியது நிஜம்.

அப்படியானால் எந்திரம் புதிதாகச் செய்ததுதான் என்ன? திருப்பூரின் பழைய கதை ஒன்றை வைத்து எனக்கு இதற்கு ஒரு விடை உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த ஊரில் ஏச்சு வாங்கியவர்கள் தெக்கத்தி ஆட்கள். மதுரைப் பக்கம் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்க யோசிப்பார்கள். முரடன், அரிவாள் எடுப்பான், நம்ம பொண்ணுகளுக்கு ஆகாது, ஊரே மாறிப்போச்சு என்று இதே மாமா வாயால் கேட்டிருக்கிறேன். இன்று அதைப் பேச ஆளில்லை. யாரும் மாநாடு போட்டுத் திருத்தவில்லை. பேசிப் பேசிச் சலித்தது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது, ஒரு கல்யாணம், ஒரு சீட்டு, ஒரு கூட்டு வியாபாரம் என்று மெல்லத் தேய்ந்தது. தண்ணீர் ஊற்ற யாரும் இல்லாததால் வாடியது. மனிதர்களுக்கு மறதி உண்டு, சலிப்பு உண்டு. வெறுப்பிலிருந்து நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றி வந்தவை இந்த இரண்டும்தான், நற்பண்பு அல்ல. இப்போது மாமாவுக்குச் சலிக்கும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு மாநிலத்தில் கோடிக்கணக்கான பேர் இருந்தால், தினமும் எங்காவது ஒருவன் யாரையாவது அடித்திருப்பான், திருடியிருப்பான், குடித்துவிட்டு ரோட்டில் விழுந்திருப்பான். அவற்றை மட்டும் பொறுக்கி ஒரே ஆளுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியும் என்பது முன்பு எந்த வதந்திக்காரனுக்கும் வாய்க்காத வசதி.

அதனால்தான் அந்த மார்ச் மாதப் பெருமை எனக்கு ஒட்டவில்லை. பிரச்சினை பொய் வீடியோ, அதற்கு மருந்து உண்மை சரிபார்ப்பு என்று நாம் முடிவுக்கு வந்துவிட்டோம். அதற்குச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, அமைப்புகள் இருக்கின்றன. அந்த வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அன்று எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் மாமாவின் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தச் சரிபார்ப்புக் குழுவும் என்ன செய்யும்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘உண்மை’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுக்கும்.

ஒருநாள் அவரிடம் கேட்டுக்கொண்டே போனில் இதுவரை பார்த்ததற்கான பதிவையெல்லாம் அழித்துப் பார்த்தேன். பெரிதாக மறுக்கவில்லை. கொஞ்ச நாள் திரையில் இயற்கை விவசாயம், ஆட்டுப்பண்ணை, பழைய பாட்டு என்று வந்தது. என்னமோ சப்புன்னு இருக்கு கண்ணு என்றார். அப்புறம் குடும்பக் குரூப்பில் பெரியம்மா மகன் ஒரு லிங்க் போட்டார். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வெளிநாட்டில் வேலைக்குப் போன தமிழர் அவர் என்பதும், உள்ளூர்க்காரன் வேலையைப் பிடுங்கும் வந்தேறிகளைப் பற்றியது அந்த வீடியோ என்பதும் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. மாமா திறந்தார். அந்த வாரக் கடைசியில் எல்லாம் பழையபடி.

ஓவர்லாக் டெய்லர் கோடைக்குள் திரும்பி வந்துவிட்டார். கூடவே தம்பியையும் கூட்டி வந்தார். மாமா ஒன்றும் கேட்கவில்லை, அதே மெஷினைக் கொடுத்தார். மாமாவைப் பற்றி எனக்கு இப்போது அவ்வளவு கவலை இல்லை. அவர் காலை எட்டரை மணிக்கு யூனிட்டைத் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டால் அங்கே இருப்பது ஆட்கள், அவர்களின் காய்ச்சல், அட்வான்ஸ், அக்கா கல்யாணம். எனக்குக் கவலை அவர் மகனைப் பற்றி. கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு ‘நம்ம பசங்க’ என்று விலக்கி வைக்கக்கூட யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முப்பது விநாடி ரீல்ஸில் வரும் வடக்கன்தான், பாதி கேலி, பாதி எரிச்சல். அவன் வீடியோக்களில் மாமாவுடையதில் இருக்கும் அழுகைகூட இருக்காது, சிரிப்புத்தான். சிரிப்பு என்பதால் அவனோடு வாதம் செய்யவும் முடியாது. சும்மா ஜாலிக்குண்ணா என்பான்.

செமஸ்டர் லீவில் அவனை யூனிட்டில் நிற்கச் சொன்னார் மாமா, சூப்பர்வைசர் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாவது நாளோ என்னவோ, பண்டில் எடுத்துப் போகச் சொல்லி, “டேய் வடக்கா” என்று யாரையோ கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டது அந்தத் தம்பியை. மெஷின் சத்தத்தையும் மீறி மாமா கத்தியது வெளியே டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம். “அந்தப் பேச்செல்லாம் உன்ற காலேஜோட வெச்சுக்க. இங்க பேரைச் சொல்லிக் கூப்பிடு. அவன் கோவிச்சுக்கிட்டு நாளைக்கு எதுத்த கம்பெனிக்குப் போயிட்டா ஓவர்லாக்கை நீ ஓட்டுவியா?” பேர் தெரியாதே என்றிருக்கிறான் இவன். தெரியலைன்னா கேளு என்றிருக்கிறார். அன்று சாயங்காலம் மெஷின் மெஷினாகப் போய்ப் பேர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கும் அது வேண்டியிருந்தது.